பெல்ட்டில் ஒருவருக்குத்தான் இடம்

காட்டுக்குள் ஒரு சருகுகூட நொறுங்காமல் நடக்கத் தெரிந்தவனும், வீட்டுக்குள் ஒரு டம்ளரைக்கூடச் சத்தமில்லாமல் வைக்கத் தெரியாதவனுமான என் அருமை மாப்பிள்ளை சூசைக்கு,

உன் மச்சான் அருளப்பன் எழுதுகிறேன். கல்லறைத் திருநாள் முடிந்து நான்கு நாள் ஆகிறது. வழக்கமாக அன்றைக்கு உன் தலைமாட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாயாலேயே சொல்லிவிடுவேன். இந்த வருஷம் என்னால் கல்லறைத் தோட்டத்துக்குள் உன்னிடம் வர முடியவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவசரப்படாதே, உனக்கு எப்போதும் அவசரம்தான்.

முதலில் ஊர்ச் செய்தி. கவுண்டர் வீட்டில் டிவி வாங்கிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பாதி ஊர் அங்கேதான் இருக்கிறது. பூசைக்கு ஆள் குறைந்துவிட்டதென்று சாமியார் பிரசங்கத்திலேயே திட்டினார். காக்காய் உட்கார்ந்து ஆன்டெனா திரும்பிவிட்டால் படம் போய்விடும். யாராவது ஓட்டின் மேல் ஏறித் தடுமாறுவார்கள். கீழே நிற்கிறவர்கள், "சூசை மட்டும் இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள். மச்சானுக்கு வருத்தமாக இருக்கும் என்று அவர்களுக்கு நினைப்பு. எனக்கு இருந்தது வருத்தம் மட்டும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது.

பன்றிகளும் குறையவில்லை. போன வாரம் சித்தேரி மலையிலிருந்து இறங்கி வந்து என் குச்சிக்கிழங்குக் காட்டில் நாலு பாத்தியைக் கிளறிப் போட்டுவிட்டன. நான் வேட்டைக்குப் போய் மூன்று வருஷம் ஆகிறது. அது அவற்றுக்கும் தெரிந்திருக்கும் போல.

உனக்குத் தெரிந்ததையே இனி எழுதப் போகிறேன். சிரிக்காதே. இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். சூசை என் தங்கை லூர்துவைக் கட்டியவன். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கரண்ட் ஆபீஸில் லைன்மேனாக வேலை பார்த்தவன். என் வயதுக்காரன், அடுத்த தெருக்காரன். எனக்கு வேறு சிநேகிதன் இருந்ததில்லை. தேவைப்படவும் இல்லை.

மலையடிவாரத்தில் கடலையும் கிழங்கும் போடுகிறவனுக்குப் பன்றி என்றால் என்னவென்று தெரியும். வேட்டை சட்டப்படி தப்பு என்பது நம் இருவருக்கும் தெரியும். துப்பாக்கி வெடித்தால் சத்தம் கேட்டு ஃபாரஸ்ட் கார்டு வந்து நிற்பார். அதனால்தான் மலைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி ஆளுக்கொரு மூங்கில் வில் வாங்கினோம். நாணுக்கு நீ நைலான் கயிறு முறுக்கினாய், பட்டறையில் சொல்லி அம்புக்கு இரும்பு முனை அடித்து வந்தேன் நான்.

பரண் கட்டியதும் நான்தான். ஓடையோரப் புளியமரத்தில் நல்ல கவட்டையாகப் பார்த்து, நாலு மூங்கில் போட்டு, குறுக்கே விறகுக் குச்சி அடுக்கி, மேலே ராகித் தாள் பரப்பினேன். பொழுது சாயும் நேரம் ஏறி முதுகோடு முதுகாக உட்காருவோம். மலைப் பக்கம் உன் கண், ஓடைப் பக்கம் என் கண். பேசக் கூடாது, பீடி கூடாது, இருமலைக்கூட விழுங்க வேண்டும். ஏதாவது அசைந்தால் முழங்கையால் ஓர் இடி. இரண்டு வருஷத்தில் அந்தப் பரணிலிருந்து நாம் அடித்தது மொத்தம் இரண்டு பன்றி. அதில் ஒன்று கிழடு.

உனக்கு அது பொறுக்கவில்லை. ஒருநாள் கம்பத்தில் ஏறும்போது இடுப்பில் மாட்டுகிற தோல் பெல்ட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாய். கழற்றி மாட்டுகிற மாதிரி அதன் கீழே ஒரு சாக்கை நாலாக மடித்துத் தைத்திருந்தாய். என் கண் முன்னாலேயே வேப்பமரத்தில் பத்தடி ஏறி, பெல்ட்டின் வாரை மரத்தைச் சுற்றி வளைத்துக் கொக்கியை மாட்டி, சாக்கில் உட்கார்ந்து பின்னால் சாய்ந்தாய். கால் இரண்டையும் மரத்தில் ஊன்றிக்கொண்டு கை இரண்டையும் விரித்துக் காட்டினாய்.

"பாரு மச்சான், ரெண்டு கையும் சும்மா இருக்குது. இப்பிடியே மரத்தச் சுத்தி எந்தப் பக்கம் வேணா திரும்பலாம். பன்னி இந்தப் பக்கம் வந்தா நான் அந்தப் பக்கம் மறஞ்சுக்குவன்."

"இடுப்புல வாரக் கட்டித் தொங்கறதுக்கு நான் என்ன வவ்வாலா?" என்றேன்.

"உன் பரணு எந்த மரத்துல இருக்குதுன்னு மலையில இருக்கற பன்னிக்கெல்லாம் தெரியும். வில்ல இழுக்கலாம்னு எந்திரிச்சா மூங்கில் கிறீச்சுங்குது. காத்து மாறுனா பரணத் தூக்கிட்டு அடுத்த மரத்துக்கா போவ முடியும்? இது அஞ்சு நிமிசம் மச்சான். காத்துக்கு எதிரா எந்த மரம் இருக்குதோ அதுல மாட்டிக்கலாம்."

ஒரு வார்த்தை தப்பில்லை. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஆபீஸ் சாமானில் சாக்குத் தைக்கலாமா என்று கேட்டேன், தொடை மரத்துப்போகும் என்றேன், வார் அறுந்தால் எலும்பு தேறாது என்றேன். கம்பத்தில் தினமும் என்னைத் தாங்குகிற வார் மரத்தில் தாங்காதா என்று நீ சிரித்தாய். கடைசியில் நான், "எம் பரணு எனக்கு, உன் வாரு உனக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைச் சொல்லி ஒரு வருஷம் பிடிவாதமாக நின்றேன்.

உன்னிடம் சொல்லாததை இப்போது சொல்கிறேன். பெல்ட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, அதில் ஒருவருக்குத்தான் இடம் என்பதைத் தவிர. பரணில் இரண்டு பேர் உட்காரலாம். நான் பரண் கட்டியது பன்றிக்காக என்று நீ நினைத்தாய், மாப்பிள்ளை. வேலை, குடும்பம், பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருந்த உன் பக்கத்தில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார எனக்கு வேறு வழி இல்லை. அதை ஆம்பிளைக்கு ஆம்பிளை எப்படிச் சொல்வது? அதனால் மூங்கிலின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் முழுக்க நீ எங்கோ ஒரு மரத்தில், நான் பரணில். முதுகுக்குப் பின்னால் காலியாக இருந்தது. நீ ஐந்து பன்றி அடித்தாய். ஒவ்வொன்றிலும் பெரிய பங்கை என் வீட்டுக்குத்தான் அனுப்பினாய். நான் கறியைத் தின்றேன், பெல்ட்டைத் திட்டினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

பன்றி வாடை அடிக்கிறது என்று லூர்து அந்த பெல்ட்டை வீட்டுக்குள் விடமாட்டாள். அதனால் நீ என் மாட்டுக்கொட்டகை ஆணியில்தான் மாட்டிவைப்பாய்; எங்கே மாட்டுகிறாய் என்று அவள் கேட்டதில்லை. வேலைக்குப் போகிற நாளில் வந்து சாக்கைக் கழற்றிவிட்டு எடுத்துப் போவாய். சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை. விடிவதற்குச் சற்று முன்னால் விட்டது. மண் நெகிழ்ந்திருந்தால் கடலைக்குப் பன்றி கட்டாயம் இறங்கும். மாட்டுக்குத் தாள் போடப் போனவன் ஆணியைப் பார்த்தேன். ஒரு தடவை ஏறித்தான் பார்ப்போமே என்று தோன்றியது. உனக்குத் தெரியாமல் ஏறிப் பார்த்து, பிடித்திருந்தால் உன்னிடம் ஒத்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் வழக்கம் போலத் திட்டுவது. அவ்வளவுதான் என் திட்டம்.

வீட்டில் கரண்ட் இல்லை, சிமினி விளக்கு வெளிச்சத்தில்தான் வில்லைத் தேடினேன். மழைக்குக் கம்பி அறுந்திருக்கும் என்பதும், கரண்ட் இல்லாவிட்டால் லீவு நாளானாலும் உன்னைத்தான் வந்து கூப்பிடுவார்கள் என்பதும் எனக்குத் தெரியாததா? யோசிக்கவில்லை. எத்தனை தரம் திருப்பிப் பார்த்தாலும் இதற்கு என்னிடம் வேறு பதில் இல்லை.

உனக்குப் பிடித்த அந்த வேப்பமரத்தில்தான் ஏறினேன். வாரை மாட்டிவிட்டு, பின்னால் சாய மனசு வராமல் மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு சாய்ந்தேன். இடுப்புக்குப் பின்னால் யாரோ இரண்டு கையாலும் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பயம் போய்விட்டது. வெளிச்சம் வந்தது, குட்டிகளோடு ஒரு பன்றி வந்தது. உட்கார்ந்தபடியே வில்லை இழுத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அம்பு அதன் காதுக்கு ஒரு முழம் தள்ளி மண்ணில் குத்தியது. தனியாக அங்கே சிரித்தேன், மாப்பிள்ளை. நீ சொன்னது சரிதான் என்று சொல்லிவிட வேண்டும், ஆபீஸில் கேட்டு எனக்கும் ஒரு பழைய பெல்ட் பிடித்துத் தரச் சொல்ல வேண்டும், பக்கத்துப் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டால் போயிற்று என்று கணக்குப் போட்டேன். ஒரு வருஷமாக இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

ஊர்ப் பக்கம் கூச்சல் கேட்டது. முதல் பூசை விட்ட கூட்டம் என்று நினைத்தேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பெல்ட்டைச் சாக்கோடு சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு திரும்பினேன். ஊர் எல்லையில் கவுண்டரின் பண்ணையாள் ஓடி வந்தார். "சூசை கம்பத்துலருந்து வுழுந்துட்டாருங்க. கெணத்து லைனுங்க. டிரான்ஸ்பார்மர்ல பீஸ் கட்டையெல்லாம் புடுங்கி வெச்சுட்டுத்தான் ஏறுனாரு. ஈரம், கால் வழுக்கிப்போச்சுங்க. வேன்ல கொண்டுபோயிருக்காங்க" என்றார்.

அப்போது என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "பெல்ட்டு போடலியா?" என்று கேட்டேன். பெல்ட் என் தலையில் இருந்தது.

"போடலயாட்டம் தெரியுதுங்க," என்றார் அவர்.

தர்மபுரி ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் நீ போய்விட்டாய். நான் அங்கே வருவதற்கு முன்னால் ஒரு வேலை செய்தேன். சாக்குச் சுருளை ராகித் தாள் போருக்குள் கையை விட்டு முடிந்த மட்டும் உள்ளே தள்ளினேன். உன்னைப் பார்க்க ஓடி வராமல் முதலில் அதைத்தான் செய்தேன்.

அதிகாரிகள் விசாரிக்க வந்தார்கள். பெல்ட் எங்கே என்று லூர்துவைக் கேட்டார்கள். அவளுக்கு என்ன தெரியும்? பாதுகாப்பு பெல்ட் அணியாமல் கவனக்குறைவாக ஏறியதால் என்று எழுதிப் படித்துக் காட்டினார்கள். அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டவன் நான். கவனக்குறைவு என்ற அந்த ஒரு வார்த்தையை லூர்து பிடித்துக்கொண்டாள். அழுகை நின்றுவிட்டது, கோபம் மட்டும்தான் இருந்தது. "ரெண்டு புள்ளைங்க இருக்குதுன்னு ஒரு நிமிசம் நெனச்சிருந்தா வெறும் இடுப்போட ஏறியிருப்பாரா அண்ணா?" என்று என்னிடமே கேட்பாள். நான் மேலே கூரையைப் பார்ப்பேன்.

மூன்று கல்லறைத் திருநாள் அவள் வரவில்லை. ஊரே சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப் பூப் போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி நிற்கும். உன்னிடத்தில் மட்டும் நான் ஒருவன் நின்றேன். மச்சானுக்கு எவ்வளவு பாசம் என்று ஊரில் எனக்குப் பெயர் வந்தது. அந்தப் பெயரை நான் மறுக்கவில்லை. என் மனைவி செசிலி அன்று ஆணி காலியாக இருந்ததைப் பார்த்தவள். அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு மூன்று வருஷம் இருவரும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

இந்த வருஷம் உன் கல்லறைக்குச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். உன் மகள் ரீட்டா வந்து உட்கார்ந்தாள். எட்டாவது படிக்கிறாள். கண்ணு அப்படியே உன் கண்ணு. "மாமா, அப்பாவுக்கு எங்களப் புடிக்காதா? நெனப்பு இருந்தா பெல்ட்டு மாட்டியிருப்பாருன்னு அம்மா சொல்லுது" என்றாள். அழவில்லை. பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள். அதன் பிறகு என்னால் அந்தச் சுண்ணாம்பைக் கலக்க முடியவில்லை.

எழுந்து போய்ப் போரைக் கலைத்தேன். வருஷா வருஷம் பழைய போரைப் பிரித்துப் புதிய போர் போடும்போது அதை யாரும் பார்க்காமல் மாற்றிப் புதைத்து வந்திருந்தேன். எலி கடித்த சாக்கும் பூஞ்சை பிடித்த தோலுமாக அதைத் தூக்கிக்கொண்டு லூர்து வீட்டுக்குப் போனேன். என் முகத்தைப் பார்த்து செசிலியும் பின்னாலேயே வந்தாள். பெல்ட்டை லூர்துவின் முன்னால் வைத்துவிட்டு, ஆணியிலிருந்து எடுத்ததில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை.

செசிலிதான் பேசினாள்.

"அன்னிக்குக் காத்தால சூசை அண்ணன் கொட்டாய்க்கு வந்தாரு லூர்து. ஆணியப் பாத்தாரு. மச்சான் எடுத்துட்டுப் போயிட்டாரான்னு கேட்டாரு. ஆமாங்கண்ணா, ஆள் அனுப்பி வாங்கியாரட்டுமான்னு நான் கேட்டேன். வேணாம் தங்கச்சி, ஒரு வருசமா முறுக்கிக்கிட்டு இருந்த ஆளு இப்பத்தான் ஏறியிருக்காரு, எறக்கிப்புட்டா மறுபடி ஏறமாட்டாரு, ஒத்தக் கம்பந்தான, நான் பாத்துக்கறன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் போனாரு. இத இவருகிட்ட சொன்னா இவரு உசுரோட இருக்கமாட்டாருன்னு நான் சொல்லல."

நீ இப்படிச் சொல்லிவிட்டுப் போனாய் என்று மூன்று வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, மாப்பிள்ளை. நான் ஒத்துக்கொண்டதை நான் சொல்வதற்கு முன்னாலேயே நீ தெரிந்துகொண்டாய். சந்தோஷப்பட்டிருக்கிறாய். அந்தச் சந்தோஷத்தோடு ஏறியிருக்கிறாய். நான் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

லூர்து அழவில்லை. பெல்ட்டின் கொக்கியைக் கையில் எடுத்துத் திறந்து மூடிப் பார்த்தாள்.

"அப்ப அவுரு எங்கள மறந்துட்டு ஏறல. உன்னய நெனச்சுக்கிட்டு ஏறியிருக்காரு," என்றாள். கொக்கியைக் கீழே வைத்துவிட்டு, "நீ பெல்ட்ட எடுத்ததுகூடப் போவட்டும் அண்ணா. மூணு வருசமா நான் அவுர வைதுக்கிட்டு இருந்தேனே, அத நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தியே?" என்றாள்.

இந்தத் தடவை நான் கூரையைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்தேன்.

"இத நீயே ஆபீஸ்ல கொண்டுபோயிக் குடு. எப்பிடி எடுத்தேன்னு நீயே சொல்லி எழுதிக் குடு. அது வரைக்கும் இந்த வூட்டு வாசல மிதிக்காத," என்றாள். பெல்ட்டைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

கல்லறைத் திருநாள் அன்று மெழுகுவர்த்தியும் பூவும் வாங்கிக்கொண்டு வழக்கம் போல வந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். உன் பக்கத்தில் லூர்து உட்கார்ந்திருந்தாள். ரீட்டாவும் சின்னவனும் பூவை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள், கையை நீட்டி நீட்டிப் பேசினாள், நடுவில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஜெபம் சொல்கிறவள் அப்படிக் கையை ஆட்டமாட்டாள். மூன்று வருஷத்துப் பாக்கியை ஒரே மூச்சில் உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் உன்னிடம் பேசப் போய்விட்டாள். நான் பூவை வாசலோரம் இருந்த வேறு யாரோ ஒருவருடைய கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

என் தங்கை இப்போது என்னோடு பேசுவதில்லை, உன்னோடு பேசுகிறாள். இதுதான் நியாயம். ஆனால் பொழுது சாய்கிற நேரத்தில் எனக்குப் போக இடமில்லை, மாப்பிள்ளை. உன்னிடமும் வர முடியவில்லை, உன் வீட்டுக்கும் போக முடியவில்லை. செசிலி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பேரும் பேச வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறோம்.

இன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் பெல்ட்டை எடுத்துக்கொண்டு உன் ஆபீஸுக்குப் போகிறேன். பெல்ட்டை எடுத்தவன் நான், சூசையிடம் கவனக்குறைவு எதுவும் இல்லை என்று என் கையெழுத்தில் எழுதிக் கொடுக்கிறேன். எதற்கு எடுத்தாய் என்று கேட்பார்கள். அதையும் சொல்வேன். கார்டு வரட்டும், கேஸ் போடட்டும். ரீட்டாவுக்கு அதில் ஒரு நகல் கொடுக்கச் சொல்லி செசிலியிடம் தருவேன். லூர்து கதவைத் திறப்பாளா என்று தெரியாது. திறக்காவிட்டாலும் இதைச் செய்வேன், இது உனக்கு நான் தருகிற வாக்கு.

என்னை இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். நானே இறங்கி வருகிறேன்.

இன்னமும் உன் மச்சான்தான்,
அருளப்பன்